பெல்ட்டுக்காக ரப்பர் கொட்டை பொறுக்கிய கதை

இதைத் தட்டச்சு செய்யப் போகும் தம்பிக்கு முதலில் ஒரு வார்த்தை. என் எழுத்து, கத்தி பழகாதவன் சீவிய ரப்பர் பட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்று இன்றும் தடுமாறுவேன். பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

நான் ஓட்டிய பிரசார வேனை விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். இனிமேல் சாலைப் பாதுகாப்பு விளம்பரங்கள் எல்லாம் தொலைக்காட்சியில் வருமாம். நல்லதுதான். என் பிரிவுபசாரத் தேநீரின்போது இளையவர்கள் சிலர், “அண்ணே, அந்தக் காலத்துல ஜனங்கள எப்படித்தான் சீட் பெல்ட் போட வெச்சீங்க?” என்று கேட்டார்கள். கூட்டத்தில் பேச எனக்கு வாய் வராது. வடையைத் தின்றுகொண்டே சிரித்து வைத்தேன். அன்று சொல்லாத பதில் இது.

நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவன். தோட்டத்து லோரியில் ஓட்டப் பழகி, உரிமம் எடுத்து, ஈப்போவுக்கு வந்து பிரசார வேனுக்கு ஓட்டுநரானேன். வேனை ஓட்டுவதோடு ஜெனரேட்டரை முடுக்குவது, ஒலிபெருக்கி கட்டுவது, படம் காட்டும் இயந்திரத்தில் சுருள் மாட்டுவது எல்லாம் என் வேலை. பேசுவது மட்டும் என் வேலை இல்லை. அதனால்தான் அந்த வேலை எனக்குப் பிடித்தது.

பேசுவது ஹனிபா சார். உயரமான, ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையை இரண்டே மடிப்பு மடித்திருப்பார். அவர் பேசும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாளில் எழுதியிருக்கும் விபத்துக் கணக்கை மனப்பாடமாகச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு முறையும் தாளைப் பார்த்துத்தான் சொல்வார். அந்தக் கணக்கு வெளிநாட்டில் எடுத்ததாக இருந்தால், “இது நம்ம ஊர்ல எடுத்த கணக்கு இல்ல” என்று முதலிலேயே சொல்லிவிடுவார். பெல்ட் போட்டால் பிழைப்பீர்கள் என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வந்ததில்லை. “பெரும்பாலும்” என்றுதான் சொல்வார். யாராவது எழுந்து சத்தம் போட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கடைசி வரை கேட்பார். பிறகு, “நீங்க சொன்னது நடந்திருக்கும்” என்று ஆரம்பிப்பார். அதற்குமேல் எதிராளிக்குச் சண்டை போட வழி இருக்காது.

எழுபதுகளின் கடைசியில், முன்சீட்டில் உட்காருபவர்கள் பெல்ட் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. நாங்கள் தோட்டம் தோட்டமாகப் போனோம். பந்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டுத் திரை கட்டுவேன். ஜனங்கள் படத்துக்காக வந்து உட்காருவார்கள். படத்துக்கு முன்னால் சார் பேசுவார். தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் கணக்கெழுதும் கிராணியும் துரையும்தான். ஆனால் பட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் எல்லாரும் டாக்சியில்தான் போனார்கள். ஆகவே டாக்சிக்காரர்கள் மாறினால் மற்றவர்கள் மாறுவார்கள் என்பது சாரின் கணக்கு.

டாக்சிக்காரர்கள் லேசில் மாறுபவர்களா? பெல்ட் அழுக்கு, வெள்ளைச் சட்டையில் குறுக்கே செம்மண் கோடு விழுகிறது என்றார்கள் சிலர். முன்சீட்டில் உட்காருபவர் பெல்ட்டைத் தொட்டாலே, “ஏன், என் ஓட்டுல நம்பிக்கை இல்லையா?” என்று கோபித்துக்கொண்டார்கள் சிலர். இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. சமாளிக்க முடியாதவர் ஒருவர்தான். அவர் என் சொந்த அக்காவின் புருஷன்.

சின்னையா மச்சான் ஈப்போ டாக்சி நிலையத்தில் மூத்த ஓட்டுநர். அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். சட்டம் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, நல்ல மழையில் அவருடைய டாக்சி வழுக்கி, சாலையோரம் இருந்த ஈயக் குட்டைக்குள் போய்விட்டது. நம் கிந்தா வட்டாரத்தில் ஈயம் எடுத்துவிட்டு அப்படியே போட்ட குட்டைகளுக்குக் குறைவில்லை, அவற்றின் ஆழமும் யாருக்கும் தெரியாது. மச்சான் சன்னல் வழியாக வெளியே வந்து நீந்திக் கரையேறினார். வருடா வருடம் அந்த நாளில் குட்டைக் கரையில் தேங்காய் உடைப்பார். கதையைச் சொல்லும்போதெல்லாம் குட்டையின் ஆழம் கொஞ்சம் கூடும்.

“பெல்ட் போட்டுருந்தா நான் இன்னிக்கு மீனுக்கு இரை. போய் உங்க ஹனிபா துவான்கிட்ட சொல்லு” என்பார் என்னிடம். மாத்தாக்காரர்கள், போலீஸ்தான், சாலையில் நின்றால், அபராதச் சமானுக்குப் பயந்து பெல்ட்டைத் தோளில் போட்டு, நுனியைத் தொடைக்குக் கீழே செருகிக்கொள்வார். பூட்ட மாட்டார். நிலையத்தில் எல்லாரும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

அவருக்குப் பக்கத்துச் சீட்டில், பெல்ட் இல்லாமல், என் அஞ்சலை அக்கா உட்கார்ந்து போவாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். தஞ்சோங் மாலிம் வரைக்கும் உறவுக்காரர் வீடுகளுக்கு இருவரும் போய் வருவார்கள். திரும்பி வந்தாயிற்று என்று சேதி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. வேனில் உட்கார்ந்து சாரின் தாள்களைத் தினமும் கேட்கிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்?

ஒரு நாள் சாரிடம் மச்சானைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அவர் கண்ணால பாத்தது அது. நான் காட்டுறது தாள். அவர் பாக்குற மாதிரி நம்ம கணக்கைக் காட்டணும்” என்றார்.

அவர் செய்தது இதுதான். வட்டாரச் சாலைகளில் நடந்த விபத்துகளின் கணக்கை முறையாகக் கேட்டு வாங்கினார். தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் என்னை ரப்பர் கொட்டை பொறுக்கச் சொன்னார். விபத்து ஒன்றுக்கு ஒரு கொட்டை. வண்டி தண்ணீருக்குள் போன விபத்துக்கு மட்டும் வெள்ளைச் சாயம் பூசினோம். எத்தனைக்கு எத்தனை என்று இங்கே எழுத மாட்டேன். தாள் இப்போது என் கையில் இல்லை, தாளைப் பார்க்காமல் எண் சொல்வது சாருக்குப் பிடிக்காது. ஒரு சாக்குக் கொட்டைக்கு நடுவில் வெள்ளையைத் தேட வேண்டியிருந்தது என்பது மட்டும் நிச்சயம். அதே விகிதத்தில் கொஞ்சம் கொட்டையை ஒரு துணிப்பையில் போட்டோம். பையைத் தைத்துக் கொடுத்தது அக்கா. வீட்டில் மிச்சமிருந்தது மஞ்சள் துணி.

ஒரு வெள்ளிக்கிழமை நிலையத்துக்குப் போனோம். வெள்ளிக்கிழமை என்றால் டாக்சிகளைக் கழுவி, பூ வைத்து, சூடம் காட்டியிருப்பார்கள். சார் மஞ்சள் பையை ஒரு டாக்சியின் முகப்பில் வைத்தார். கொட்டைகளின் கணக்கை விளக்கினார். “நாளைக்கு உங்களுக்கு ஒரு விபத்து வரும்னு வெச்சுக்குவோம். எது வரும்? யாராச்சும் கையை விட்டு ஒண்ணு எடுங்க” என்றார்.

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் செருப்பைக் கழற்றினார்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. சாமி சந்நிதியில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்து உத்தரவு கேட்போமே, பூக்கட்டிப் பார்ப்பது, அதைத்தான் அவர் செய்யப் போகிறார். வெள்ளிக்கிழமை, சூட வாசனை, மஞ்சள் பை. எல்லாம் பொருந்திவிட்டது. சாருக்கு அந்த வழக்கம் தெரியாது. தெரிந்த எனக்கோ வாய் வரவில்லை. மச்சான் கண்ணை மூடி, “மாரியாத்தா” என்று முணுமுணுத்து, கையை விட்டு எடுத்தார்.

வெள்ளை.

மச்சான் கண்ணைத் திறந்து கொட்டையைப் பார்த்தார். பிறகு அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“பாத்தீங்களா! ஆத்தா சொல்லிட்டா! எனக்குத் தண்ணிதான்!”

“முடிஞ்சிச்சுலா” என்றார் பக்கத்து டாக்சி மணியம். “அம்மாவே பெல்ட் வேணாம்னுட்டா. இனிமே மாத்தா வந்து கேட்டா கோயிலுக்குப் போய்க் கேளுனு சொல்லிரலாம்.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். “வெள்ளையும் பையில இருக்குனு நான்தான் சொன்னேன். வந்துருக்கு. வரக்கூடியதுதான்” என்றார். பையை எடுத்துக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

வேனில் திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை. “இன்னொரு தடவ எடுக்கச் சொல்லிருக்கலாமே சார்?”

“நமக்குப் புடிச்ச கொட்டை வர்ற வரைக்கும் எடுக்கச் சொன்னா அதுக்குப் பேரு கணக்கு இல்ல பெருமாள். ஏமாத்து.”

சேதி நிலையம் நிலையமாகப் பரவியது. கமுந்திங் பக்கத்துத் தோட்டத்தில் நான் திரை கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து, “ஆத்தா உத்தரவு குடுக்காத பெல்ட் இதானா?” என்று விசாரித்தார். வெள்ளைக் கொட்டையைத் தன்னிடமே வைத்துக்கொண்ட மச்சான், தன் டாக்சியில் இரண்டு பெல்ட்டையும் சீட்டின் பிளாஸ்டிக் உறைக்கு அடியில் தள்ளி மூடிவிட்டார். முன்பு மாத்தாவுக்காகவாவது தோளில் கிடந்தது. இப்போது அதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிலிபினில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் சவாரிக்குப் போயிருந்தார். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவள் பாதி கேள்விப்பட்டிருந்தாள்.

“அக்கா, நீயாச்சும் பெல்ட் போட்டுக்க. எனக்குப் பயமா இருக்கு” என்றேன். என் வயதில் அப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

அவள் கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள். “ஏன்டா, பூக்கட்டிப் பாக்குறதுனா யாருக்குக் கேக்குறோம்னு சொல்லிட்டுல்ல எடுக்கணும்? அவரு அவருக்குக் கேட்டாரு. எனக்கு யாரு கேட்டா? அந்தப் பையத் தைச்சதே நான். கொண்டா, நான் எனக்குக் கேட்டுக்குறேன்.”

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்தார். “இது சாமி உத்தரவு இல்லம்மானு உங்க அக்காகிட்ட நான் சொல்லுவேன். அவங்க நம்புறது அவங்க இஷ்டம். ஆனா ரெண்டு விஷயம். அந்த வெள்ளைக் கொட்டை திரும்பப் பைக்குள்ள போகணும். அவங்க மட்டும் இல்ல, நிலையத்துல எல்லாரும் எடுக்கணும். யாருக்கு வெள்ளை வந்தாலும் சத்தமாச் சொல்லணும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். டாக்சிக்காரர்களுக்குப் படத்தைவிட அது பெரிய வேடிக்கை. மச்சானுக்குத் தலைகுனிவு.

“வீட்டுல பேச வேண்டியத இங்க வந்து ஏண்டி?”

“நீங்க இங்கதானே கேட்டீங்க? நானும் இங்கதான் கேப்பேன்.”

மச்சானிடமிருந்து வெள்ளையை வாங்கிப் பைக்குள் போட்டு, சார் நன்றாகக் குலுக்கினார். தான் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு, கண்ணை மூடி எடுத்தாள். வெறும் கொட்டை. திரும்பப் போட்டாள். மணியம் எடுத்தார். வெறும் கொட்டை. ஒவ்வொருவராக வரிசையில் வந்து எடுத்தார்கள், காட்டினார்கள், போட்டார்கள். முதலில் சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. போகப் போகச் சத்தம் குறைந்தது. வரிசை முடிந்தபோது மச்சானைத் தவிர எல்லாரும் எடுத்துவிட்டார்கள். வெள்ளை வரவே இல்லை. நான் உள்ளுக்குள் துள்ளினேன். சார் அதற்கும் ஒரு திருத்தம் போட்டார்.

“இன்னிக்கு வரல. அவ்வளவுதான். என்னிக்காச்சும் வரும்.”

அக்கா மச்சானிடம் திரும்பினாள். “கேட்டுக்கிட்டீங்கள்ல? என் பக்கத்து பெல்ட்ட வெளிய எடுங்க. நான் போட்டுக்குறேன். உங்களுக்கு ஆத்தா தண்ணினு சொல்லிட்டா. நீங்க தண்ணிக்குப் போங்க.”

“அட, ரெண்டு பேரும் போற காடி ஒண்ணுதானேடி!” என்று கத்தினார் மச்சான். “நான் தண்ணிக்குப் போனா நீ மட்டும் தனியா சாலையில நிப்பியா?”

நிலையமே சிரித்தது. மணியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மச்சானும் சிரிக்க ஆரம்பித்தவர்தான், பாதியில் நின்றுவிட்டார். முகம் மாறியது.

“நான் நீந்திருவேன். பெல்ட்டோட இவ உள்ள இருந்தா, யாரு அவுக்குறது?”

“நீங்கதான் அவுக்கணும்” என்றார் சார். “அவுக்கக் கத்துக்கலாம். அது கஷ்டமே இல்ல. ஆனா அவுக்கணும்னா உங்களுக்கு நினைவு இருக்கணும். குட்டையில விழுறதுக்கு முன்னாடி வண்டி எதுலயாச்சும் மோதும். பெல்ட் போடலனா தலை கண்ணாடியில போய் அடிக்கும். மயங்கிட்டா எப்படி நீந்துவீங்க? எப்படி இவங்கள அவுப்பீங்க?”

“போன தடவ எனக்கு அடிபடலியே.”

“படல. அது நடந்துருக்கு. இந்தத் தடவையும் அப்படியேதான் நடக்கும்னு உங்களால சொல்ல முடியுமா? உங்க ஒருத்தருக்குனா தைரியமாச் சொல்லுவீங்க.”

மச்சான் அக்காவைப் பார்த்தார். பிறகு டாக்சிக் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்கு அடியில் கையை விட்டு, இரண்டு பெல்ட்டையும் வெளியே இழுத்தார். மக்கிய கயிறு மாதிரி அழுக்கேறிக் கிடந்தன. நான் சோப்பும் தண்ணீரும் கொண்டு வந்து தேய்த்தேன்.

பிறகு நடந்ததுதான் எங்கள் பிரசாரத்திலேயே பெரிய வேடிக்கை. மச்சான் ஓட்டுநர் சீட்டில். அக்கா பக்கத்தில், சேலை நனைந்தால் நனையட்டும் என்று. சார் முறையைச் சொல்லிக் கொடுத்தார். இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். தோள் பட்டை கழுத்தை உரசக் கூடாது. நெஞ்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கை முட்டி போகலாம், அதற்குமேல் தொளதொளப்பு ஆகாது. மச்சான் கண்ணைத் துண்டால் கட்டினேன். சன்னல் வழியே மணியம் ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினார்.

“அவுருங்க! அவுருங்க!” என்று எல்லாரும் கத்தினார்கள்.

மச்சான் பட்டையைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க அது இறுகியது. பொத்தானை அமுக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. இத்தனை நாள் பூட்டியிருந்தால்தானே திறக்கத் தெரியும்? அடுத்த வாளியில் பொத்தானைக் கண்டுபிடித்தார். அதற்கடுத்த வாளியில், தன்னுடையதை விட்டுவிட்டு அக்காவுடையதை அவிழ்க்கக் கையை நீட்டினார். கை எட்டவில்லை.

“முதல்ல உங்களுத அவுருங்க!” என்று அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். “உங்க அன்பைக் கரையேறி வந்து காட்டலாம்!”

சாயங்காலத்துக்குள் இருவரும் ஒரு மூச்சுக்குள் வெளியே வந்தார்கள். மற்றவர்களும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். யார் முந்துவது என்று போட்டி. அந்த நிலையத்தில் பெல்ட் பழக்கமானது அப்படித்தான். தினமும் போட்டதால் அழுக்கும் சேரவில்லை, சட்டையில் கோடும் விழவில்லை. மச்சான் மட்டும், தான் தண்ணீருக்காகத்தான் போடுவதாகக் கடைசி வரை சொன்னார். எப்படியோ போட்டால் சரி என்று நான் விட்டுவிட்டேன்.

சில வருடங்கள் போயின. தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், எதிரே வந்த மர லோரி ஒன்று வளைவில் தடம் மாறியது. மச்சான் ஸ்டியரிங்கை ஒடித்ததில் டாக்சி மண்மேட்டில் நேராகப் போய் மோதியது. முகப்பு நசுங்கிவிட்டது. மச்சான் தன் பெல்ட்டை அவிழ்த்தார், அக்காவுடையதை அவிழ்த்தார், அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டு வந்தார். அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. மச்சானுக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை பட்டை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. அவ்வளவுதான்.

சேதி கேட்டு நானும் சாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஆத்தா தண்ணினுதானே சொன்னா? இது வெறும் மேடுலா. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.”

“அப்போ தண்ணி இன்னும் பாக்கி இருக்குனு நெனச்சுக்கிட்டு ஒழுங்கா பெல்ட்டப் போடுங்க.”

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. சாரிடம் அவள், “சார், பெல்ட்டுனாலதானே நாங்க பொழச்சோம்?” என்று கேட்டாள். அவர் அப்படிச் சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். யார்தான் சொல்ல மாட்டார்கள்?

“பெரும்பாலும்மா” என்றார். கண்ணாடியைக் கழற்றினார். அன்று துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை.

வெளியே வந்ததும், “இனிமே கூட்டத்துல மச்சானப் பத்திச் சொல்லலாமா சார்?” என்றேன். “சொல்லு. சந்தோஷமாச் சொல்லு. ஆனா இதான் ஆதாரம்னு சொல்லாதே. அவர் குட்டையில பொழச்சதும் ஒரு கொட்டை, இப்போ பொழச்சதும் ஒரு கொட்டை. ஆதாரம் பை நெறைய இருக்கு” என்றார். சொல்லு என்றாரே தவிர, நான் எங்கே பேசப் போகிறேன்? சாரே சொன்னார், நான் படச்சுருளை மாட்டிக்கொண்டு கேட்டேன். சார் ஓய்வு பெற்று ஊர் மாறிப் போகும்வரை அப்படித்தான்.

நேற்றுத் தைப்பூசம். மச்சான் புது டாக்சியில் என்னையும் கோயிலுக்கு அழைத்துப் போனார். எந்தச் சாலையில் கூட்டம் குறைவு என்று அவரும் அக்காவும் முன்சீட்டில் வழி முழுக்கச் சண்டை. நான் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே போனேன். அதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“டேய் பெருமாளு, ஊருக்கெல்லாம் பெல்ட் போட்டுவிட்ட, உனக்கு ஒண்ணும் இல்லாம பின்னால குந்திருக்கியே!”

“பின்சீட்டுக்குச் சட்டம் இல்ல மச்சான்” என்றேன்.

“சட்டம் கெடக்கு.”

இன்று காலை வாசலில் டாக்சிச் சத்தம் கேட்டது. மச்சான் அளவு நாடாவோடு நின்றார், பக்கத்தில் பட்டறைக்காரர் ஒருவர். பின்சீட்டில் பெல்ட் மாட்ட அளவெடுக்க வேண்டுமாம். அதற்கு நான் போய் உட்கார வேண்டுமாம். அக்கா முன்சீட்டிலிருந்து, “அவன் தொப்பைக்கும் சேத்து அளவெடுங்க” என்றாள். போய் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் வந்ததும் இதை எழுதினேன்.

பெருமாள்,
சிலிபின், ஈப்போ.
1989, தைப்பூசத்துக்கு மறுநாள்.